வெட்கப்பட்டு மறைத்த வீக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 25 வருடமாக உங்கள் நாளிதழைக் கடைக்கு வாங்குகிறேன். காலையில் நான் படித்து முடித்ததும் வாசல் பெஞ்சில் போட்டுவிடுவேன். மத்தியானத்துக்குள் அது இருபது முப்பது பேர் கை மாறிவிடும். மூட்டை தூக்குகிறவர்கள், கொத்தனார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. இடம் இல்லையென்றால் குறைத்துப் போடுங்கள், ஆனால் அந்த வீக்கத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

எனக்கு வயது 53. சென்ற மாதம் வலது பக்கம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆயிற்று. இன்றைக்கு 43-ஆவது நாள். டாக்டர்கள் கணக்கில் இது சின்ன ஆபரேஷன்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சின்ன ஆபரேஷனுக்குப் போக எனக்கு மூன்று வருடம் ஆனது.

மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தின வாரம். கடைப் பையன் லீவு. டாட்டா ஏஸில் சீனி மூட்டை வந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் 50 கிலோ. நானே இறக்கினேன். நான்காவது மூட்டையைத் தோளில் ஏற்றும்போது வலது தொடை இடுக்கில் ஏதோ நழுவினது போல இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. ராத்திரி குளிக்கும்போது கை பட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தேன், அது உள்ளே போய்விட்டது. போய்விட்டதே, சரி, சுளுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் எழுந்து நின்றால் திரும்ப வந்துவிடும். படுத்தால் போகும். இப்படியே மூன்று வருடம். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இடம் அப்படி. தலைவலி, முட்டி வலி என்றால் வாசலில் உட்கார்ந்து பத்து பேரிடம் சொல்வோம். தொடை இடுக்கில் வீக்கம் என்றால் ஆம்பளைக்கு வாய் வராது. "அவனுக்கு விதை வீங்கிப்போச்சு" என்று ஊர் பேசும், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இது ஒரு பேச்சாகிவிடும் என்றெல்லாம் நினைத்தேன். எங்கள் ஊர் மெடிக்கலில் கேட்க வெட்கப்பட்டு, மதுரைக்கு சரக்கெடுக்கப் போன அன்று டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் முகம் தெரியாத கடையில் இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கி வந்து வேட்டிக்குள் கட்டிக்கொண்டேன். பெல்ட் கட்டினால் வீக்கம் வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஓட்டை அப்படியேதான் இருக்கும், நாளாக நாளாகப் பெரிதாகும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மளிகைக் கடைக்காரனுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கடையில் மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்தால் தும்மல் வரும். தினமும் பத்து தடவையாவது தும்முவேன். ஒவ்வொரு தும்மலுக்கும் முன்னால் கல்லாவுக்குக் கீழே குனிந்து வலது கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். எதிரே நிற்கிறவர்களுக்குச் சில்லறை எடுக்கிற மாதிரி தெரியும். மூன்று வருடத்தில் அது பழக்கமாகிப் போனது. சிரிக்கும்போதுகூடக் கை தானாக அங்கே போகும்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வீக்கம் உள்ளே போகவில்லை. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தேன், காலை மடக்கினேன், அழுத்தினேன். போகவில்லை. கல்லு மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது, குமட்டியது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். அரை மணி நேரம் கழித்து அது தானாக உள்ளே போயிற்று. என் நல்ல நேரம். அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறினோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நிற்கச் சொல்லி, இருமச் சொல்லி, இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "குடலிறக்கம்யா. இதுக்கு மாத்திரை கிடையாது, ஆபரேஷன்தான்" என்றார். எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லவும் செய்தார். ஆண் குழந்தைக்கு விதை முதலில் வயிற்றுக்குள்தான் இருக்குமாம். பிறக்கும் முன்பு அடிவயிற்றுச் சுவர் வழியாக ஒரு பாதை போட்டுக் கீழே இறங்கும். அந்தப் பாதை இருந்த இடம் எந்த ஆணுக்கும் கொஞ்சம் பலவீனம்தான். பாரம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வயதானவர்களுக்குச் சிறுநீர் போக முக்குவது இதெல்லாம் சேர்ந்து சுவர் தளர்ந்தால் குடல் அதன் வழியாகப் பிதுங்கும். ஆயுளில் 100 ஆண்களில் 27 பேருக்கு இது வரலாம், பெண்களில் 3 பேருக்கு என்றார். உலகம் முழுக்க வருடத்துக்கு 2 கோடி பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் நடக்கிறதாம். நான் என்னவோ எனக்கு மட்டும் வந்த அசிங்கம் என்று மூன்று வருடம் ஒளித்து வைத்திருந்தேன்.

"உங்க வீட்டுல அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

ஆபரேஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பயந்துதான் பலர் போவதில்லை. முதுகில் ஒரு ஊசி போட்டார்கள். குனிந்து உட்காரச் சொல்லி, நர்சம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். எறும்பு கடித்த மாதிரிதான். இரண்டு நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே சூடு பரவி, கால் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. கட்டை விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைக்கிறேன் என்று நினைக்கிறேன், அது அசையவில்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. வலி சுத்தமாக இல்லை. ஏதோ இழுக்கிறார்கள், அழுத்துகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

தளர்ந்த இடத்தை எப்படி அடைக்கிறார்கள் என்று முந்தின நாள் டாக்டரிடம் கேட்டிருந்தேன். அவர் ஒரு சின்ன வலைத் துண்டைக் காட்டினார். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், கொசுவலை மாதிரி வெள்ளையாக, கண் கண்ணாக. "இது எதால செஞ்சது தெரியுமாய்யா? பாலிப்ரொப்பிலீன். உங்க கடையில அரிசி வருதே வெள்ளைச் சாக்கு, அதே சரக்குதான்" என்றார். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது. சாக்கு கிழிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துக் கோணி ஊசியால் தைத்தால், பாரம் ஏறினதும் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும். வேறொரு சாக்குத் துண்டை ஒட்டாக வைத்துத் தைத்தால் நிற்கும். ஏறக்குறைய நூறு வருடம் டாக்டர்களும் இழுத்துத்தான் தைத்துக்கொண்டிருந்தார்களாம். இத்தாலியில் பாசினி என்ற டாக்டர் 1880-களில் கொண்டுவந்த முறை அது. அமெரிக்காவில் லிக்டென்ஸ்டீன் என்பவர் 1980-களில் இழுக்காமல் வலை வைத்து ஒட்டுப் போடும் முறையைப் பரப்பியிருக்கிறார். வலையின் கண்கள் வழியாக நம் சதையே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். எனக்குச் செய்தது அதுதான்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். நான் படுத்திருந்த நாட்களில் இதைப் பற்றி அவள் வாசித்துச் சொன்னதில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்பவர், வலை வாங்கக் காசில்லாத ஏழைகளுக்காகக் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கிப் பயன்படுத்தியிருக்கிறார். பிறகு உகாண்டா நாட்டில் 302 ஆண்களை வைத்து, விலை குறைந்த அந்த மாதிரி வலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஒரு சின்ன ஊர் டாக்டர் தன் ஊர்க்காரர்களுக்காக யோசித்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். அவரை எனக்குத் தெரியாது. படுத்த இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த அன்றைய சாயங்காலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கால் திரும்ப வந்துவிட்டது. முதலில் இடது கட்டை விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. ஆனால் சிறுநீர் வரவில்லை. முதுகில் ஊசி போட்டால் சிலருக்கு அப்படி ஆகுமாம். மணி ஆறு, ஏழு, எட்டு. அடிவயிறு பானை மாதிரி கனக்கிறது. முட்டிக்கொண்டு நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. சிஸ்டர் வந்து, "ஐயா, ஒண்ணுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் போகிறார். "ஒன்பது மணி வரைக்கும் பார்ப்போம், இல்லேன்னா டியூப்தான்" என்றார். வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்தார்கள். என் மச்சினன் என்னைத் தாங்கிப் பிடித்து பாத்ரூமில் நிறுத்தி, குழாயை மெதுவாகத் திறந்துவிட்டான். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் கை ஊன்றி நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. முதலில் சொட்டு. நின்றுவிட்டது. திரும்ப இரண்டு சொட்டு. அப்புறம் ஒரு இழை மாதிரி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, கடைசியில் வாய்க்காலில் மடை திறந்துவிட்ட மாதிரி போயிற்று. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். மச்சினன் வலியென்று நினைத்து, "மாமா, மாமா" என்று பதறினான். வலி இல்லை. 53 வருடமாக ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, நான் கேட்காமலே இந்த உடம்பு இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருப்பேனா? கடைக்கு வருகிற சரக்கில் நூறு கிராம் குறைந்தால் போன் போட்டுக் கேட்கிறவன் நான்.

வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. படுக்கையிலிருந்து எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது: முதலில் ஒருக்களித்துத் திரும்ப வேண்டும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும், கையை ஊன்றி எழ வேண்டும். முன்பெல்லாம் எழுந்தது எப்படி என்று எனக்கு ஞாபகமே இல்லை. எழுந்தேன், அவ்வளவுதான். இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையை மடித்துத் தையல் மேல் வைத்து அழுத்திக்கொண்டு இரும வேண்டும். எங்கள் வீட்டில் பழைய கழிப்பறை, குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். உட்காரப் பயமாக இருந்தது. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மனைவி வாங்கி வந்து போட்டாள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுப் பழகினவன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். கத்திரிக்காய் ஆகாது, மீன் ஆகாது, முட்டை போட்டால் சீழ் பிடிக்கும். அன்போடு சொல்வதுதான், குறை சொல்லவில்லை. டாக்டர் சொன்னது வேறு. எல்லாம் சாப்பிடு, புண் ஆற முட்டையும் பருப்பும் வேண்டும், மலச்சிக்கல் மட்டும் வரக் கூடாது, அதனால் தண்ணீர், கீரை, வாழைப்பழம். முக்கினால் அவர் வைத்த ஒட்டுக்குத்தான் கஷ்டம். நான் டாக்டர் சொன்னதைக் கேட்டேன். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். சாயங்காலம் தெருமுனை வேப்பமரம் வரை நடந்து திரும்பினேன். அடுத்த வாரம் கண்மாய்க் கரை வரை. கண்மாயில் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. கரையில் ஏறி நின்று காற்று வாங்கினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற கண்மாய்தான், ஆனால் அன்றைக்கு என் சொந்தக் காலில் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய விஷயமாக இருந்தது.

என் அம்மாவுக்கு வயது 78. நான் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் ஊரிலிருந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு ஞாபகம் வந்திருந்தது. அப்பா இருமும்போது வலது தொடை இடுக்கில் கையை வைத்து அழுத்திக்கொள்வார். சிறுவனாக அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நான் கல்லாவுக்குக் கீழே குனிந்து செய்தேனே, அதே மாதிரி. அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவருக்கும் அங்கனதான்யா இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு" என்றார்.

அப்பா சுமை தூக்குகிற தொழிலாளி. அவர் காலத்தில் சீனி மூட்டை 100 கிலோ. அதை முதுகில் வாங்கிப் பலகையில் ஏறுவார். 1985 ஐப்பசியில் ஒரு ராத்திரி வயிற்று வலி, வாந்தி. வயிற்றில் வாயு என்று வசம்பு சுட்டுக் கொடுத்தார்கள். உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். மறுநாள் ஒருவரைக் கூட்டி வந்து எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். வயிறு உப்பிக்கொண்டே போயிற்று. இரண்டாம் நாள் ராத்திரி கட்டிலில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிப் போய், விடிகிற நேரத்தில் வந்த பஸ்ஸை நிறுத்தி மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எனக்கு அப்போது 14 வயது, செக்கானூரணி வரைக்கும் அப்பா தலை என் மடியில் இருந்தது. அதன் பிறகு மாமா வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குடல் முறுக்கிக்கொண்டது, காலம் கடந்துவிட்டது என்று சொன்னார்கள். 40 வருடமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிதுங்கின குடல் அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று அழுகிப் போவதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அன்று நான் படுத்துக் கிடந்தது அதற்கு எத்தனை பக்கத்தில் என்று எனக்கு அம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது.

அதனால் இதை மட்டும் தயவுசெய்து கட்டம் கட்டிப் போடுங்கள்: தொடை இடுக்கில், அல்லது விதைப்பைக்கு மேலே, நின்றால் வந்து படுத்தால் போகிற வீக்கம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வீக்கம் ஒரு நாள் உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தால், கூடவே வாந்தியோ வயிறு உப்பலோ இருந்தால், காற்றுப் பிரியாவிட்டால், அன்றைக்கே, அந்த மணிநேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். உருவிவிடுவதோ பலமாக அழுத்தி உள்ளே தள்ளுவதோ வேண்டாம். விடிந்தால் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது.

எனக்கு ஆபரேஷன் ஆன விஷயத்தை நான் மறைக்கவில்லை. அம்மா சொன்னதற்குப் பிறகு மறைக்க மனசு வரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் இடத்தைக் கையால் காட்டியே சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கூட்டமாக வரவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து, மத்தியானம் இரண்டு மணிக்கு, கடை சாத்துகிற நேரத்துக்கு. டீக்கடை மாஸ்டர் வந்தார். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர் வந்தார், அவருக்கு 70 வயது, இரண்டு பக்கமும் இருக்கிறது. 34 வயது ஆட்டோ டிரைவர் வந்தார், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. இன்னொருவர் தன் தம்பிக்கு என்று சொல்லிக் கேட்டார், போகும்போது தனக்குத்தான் என்றார். ஒரு சின்ன ஊரில், மூன்று வாரத்துக்குள் ஐந்து பேர். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி வலிக்குமா என்பது இல்லை, "ஆம்பளத்தனத்துக்கு ஏதும் குறை வருமா?" என்பதுதான். அதை நானும் கூச்சத்தோடு டாக்டரிடம் கேட்டிருந்தேன். பொதுவாக அதற்கு ஒரு குறையும் வராது, கொஞ்ச நாள் அந்த இடம் மரத்த மாதிரி இருக்கும் என்றார். அதையே சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது ஆள், எங்கள் கடைக்கு மூட்டை இறக்குகிற அண்ணன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். "அண்ணாச்சி, எனக்கு நாலு வருஷமா இருக்கு" என்றார். ஏன் போகவில்லை அண்ணே என்றேன். "போனா ஆபரேஷன் ஓசிதான், காப்பீட்டு அட்டையும் இருக்கு. ஆறு வாரம் மூட்டை தொடக்கூடாதும்பாக. ஆறு வாரம் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஆறு வாரம் படுத்திருந்தபோது மனைவி கல்லாவில் உட்கார்ந்தாள், கடை ஓடியது. அவருக்கு ஓடுவதற்கு அந்த உடம்பைத் தவிர ஒன்றும் இல்லை.

ஐயா, இதை அரசாங்கம் கவனிக்க வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு என்று 1982-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்து, நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு, ஓய்வூதியத்துக்கு உதவி தருகிறார்கள். நல்ல காரியம். பாரம் தூக்கித் தூக்கி வந்த நோய்க்கு ஆபரேஷன் செய்துகொள்கிறவருக்கு, எழுந்து வேலைக்குப் போகிற வரைக்கும் அந்த ஆறு வாரத்துக்கு ஒரு தொகை என்று சேர்த்துக் கொடுத்தால் எத்தனையோ பேர் பயப்படாமல் போய்ப் படுப்பார்கள். 2021-இல் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். அந்த மாதிரி சின்ன விஷயத்தைக்கூட யோசித்தவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இன்னொன்று மூட்டையின் எடை. ஓர் ஆள் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்திருக்கிறது. நம்முடையது 50 கிலோ, கணக்குக்குச் சரிதான். ஆனால் ஒரே ஆள் ஒரு லாரி சரக்கை இறக்குகிறாரே. அரிசி சின்னப் பையில் வர ஆரம்பித்துவிட்டது. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பைக்கு ஜிஎஸ்டி போட்டதும், மில்காரர்கள் அதை 26 கிலோவாக்கி அனுப்பினார்கள். வரிக்காக ஒரு கிலோவைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு, தூக்குகிறவருக்காகச் சீனியிலும் பருப்பிலும் பாதியைக் குறைக்க முடியாதா? மதுரை கீழமாசி வீதியில் நான் சரக்கெடுக்கிற இரண்டு கடையில் கேட்டுவிட்டேன். பருப்பை 30 கிலோ சிப்பமாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்டார். மளிகைக் கடைக்காரர்கள் எல்லாரும் கேட்டால் எல்லாரும் கொடுப்பார்கள்.

முந்தாநாள் 41-ஆவது நாள். டாக்டர் பார்த்துவிட்டு, கடைக்குப் போகலாம், கனத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள் என்றார். கடையில் பையன் குண்டூர் மிளகாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நெடி ஏறித் தும்மல் வந்தது. கை பழக்கத்தில் கல்லாவுக்குக் கீழே போயிற்று. எடுத்துவிட்டேன். இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றே தும்மினேன். அடுத்தடுத்து மூன்று. தையல் போட்ட இடத்தில் லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். எண்ணெய் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "நூறு வயசு" என்றது.

அந்த அண்ணனுக்கு வருகிற புதன்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அவரோடு மூட்டை தூக்குகிறவர்கள் ஒன்பது பேர், ஆளுக்குத் தினம் ஒரு மூட்டைக் கூலியை எடுத்து அவர் வீட்டில் கொடுப்பதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என் கடையிலிருந்து போகும். ஆஸ்பத்திரியில் கூட இருக்க அவர் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, திருப்பூரில் இருக்கிறான். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்குக் குழாயைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டுமே. இருமும்போது வைத்து அழுத்திக்கொள்ள அந்தச் சின்னத் தலையணையையும் அவருக்குக் கொடுக்கப் போகிறேன். உறை மாற்றி, நேற்று மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.